தொடாமல் எழுதிய மூன்று

தசையின் வலுவை மருத்துவமனைகளில் 0 முதல் 5 வரை எண்ணாக எழுதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுபட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்காக பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த முறை அது. 0 என்றால் அசைவே இல்லை. 1 என்றால் தசை துடிப்பது தெரியும், மூட்டு நகராது. 2 என்றால் கையைக் கிடைமட்டமாகத் தாங்கிக் கொடுத்தால் நகரும். 3 என்றால் தன் எடையைத் தானே தூக்கும். 4 என்றால் சோதிப்பவர் தன் கையால் அழுத்தித் தடுத்தாலும் ஓரளவு மீறித் தூக்கும். 5 என்றால் நல்ல தசை. இதில் 3ஐ மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்தே எழுதிவிடலாம். 4ஐ அப்படி எழுத முடியாது. 4 எழுத வேண்டுமென்றால் ஒருவர் இன்னொருவரின் கையைத் தொட்டாக வேண்டும்.

இந்த ஒரு எண் வித்தியாசத்தில் ஒரு மனிதருக்குப் பதினான்கு மாதம் போனது. அதைத்தான் எழுத வந்தோம்.

நாங்கள் மூன்று பேர், விழுப்புரம் திண்டிவனம் பக்கத்துக் காலனிகளில் வேலை செய்கிறோம். வன்கொடுமை வழக்கு, சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை என்று போகும் வேலை. தண்டுவடம் அடிபட்டவர்களைத் தேடி நாங்கள் போகவில்லை. உதவித்தொகை மனு எழுதப் போன வீடுகளில் அவர்கள் கட்டிலில் இருந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்த பெயிண்டர், தென்னையிலிருந்து விழுந்தவர், கிணறு தூர்வாரும்போது கயிறு அறுந்து விழுந்தவர். பணக்கார நாடுகளில் தண்டுவடக் காயத்துக்கு வாகன விபத்தே பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்திய மருத்துவமனைகள் வெளியிட்ட பல தொகுப்புகளில் உயரத்திலிருந்து விழுவது முதலிடத்தில் நிற்கிறது. உயரத்துக்கு ஏற்றிவிடப்படுபவர் யார் என்று எந்தத் தொகுப்பும் சாதிவாரியாகக் கேட்பதில்லை. காலனியில் பத்து வீடு ஏறி இறங்கினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

நாங்கள் சொல்ல வந்த அண்ணன் பெயிண்டர். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தார். கழுத்தில் ஆறாவது நரம்பு மட்டத்தில் காயம். தோள் அசையும், முழங்கையை மடக்குவார், மணிக்கட்டை மேலே தூக்குவார். முழங்கையை நீட்ட வராது, விரல் ஒன்றும் மடங்காது, இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. இந்த நிலைக்கு டெட்ராப்ளீஜியா என்று பெயர். காலனியில் "கழுத்து ஒடிஞ்சவரு" என்றால் போதும்.

கழுத்து ஒடிந்தவரிடம் எது திரும்பி வர வேண்டும் என்று கேட்டால் நடை என்றுதான் சொல்வார் என நல்ல காலுள்ளவர்கள் நினைக்கிறார்கள். 2004இல் கிம் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கேட்டே பார்த்துவிட்டார். அவரும் கழுத்து முறிந்தவர்தான். கை கால் நான்கும் முடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதலில் சொன்னது கையை. எங்கள் அண்ணனும் அதையே சொன்னார். "காலு போனா போவுது. ஒரு கை வந்தா போதும், யாரையும் கூப்புட வேணாம்."

அந்தக் கைக்கு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்தில் எரிக் மோபர்க் என்ற கை அறுவை மருத்துவர், 1970களில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட இந்தக் கைகளை எடுத்துக்கொண்டார். முடங்கிய கையில் எல்லாத் தசையும் சாவதில்லை. ஒரே வேலையை இரண்டு மூன்று தசைகள் செய்கிற இடத்தில் ஒன்றைக் கடன் வாங்கலாம். முழங்கையை மடக்க உதவும் ஒரு தசையின் நாணை வெட்டி, கட்டைவிரலை மடக்கும் நாணோடு தைத்துவிட்டால், கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து அழுந்தும். சாவியைப் பிடிப்பது போல் ஒரு பிடி. சாவிப் பிடி என்றே பெயர். தோளின் பின்பக்கத் தசையை முழங்கை நீட்டும் தசைக்கு இணைத்தால் கை நீளும்.

இங்கே ஒரு சொல் சிக்கல். நம் மக்கள் நாணையும் நரம்பு என்கிறார்கள், ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறார்கள், உண்மையான நரம்பையும் நரம்பு என்கிறார்கள். "நரம்ப வெட்டி ஒட்டுவாங்களாம், இருக்கறதும் போயிடும்" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவது பாதி இதனால்தான். நாணை மாற்றுவது ஒரு அறுவை, அதைப் பல வருடம் கழித்தும் செய்யலாம். நரம்பையே மாற்றி இணைப்பது வேறு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடாஷா வான் ஜில் குழுவினர் 16 பேருக்கு 59 நரம்பு மாற்றுகள் செய்து 2019இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அதற்குக் கெடு உண்டு. விபத்து நடந்து ஓராண்டை ஒட்டிச் செய்துவிட வேண்டும், தள்ளிப்போனால் தசை செத்துவிடுகிறது.

கடன் கொடுக்கும் தசை எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? 4. நாணை இடம் மாற்றினால் பொதுவாக ஒரு படி வலு குறையும். 3 இருந்தால் 2 ஆகிவிடும், அதனால் ஒன்றுக்கும் ஆகாது. 1984இல் பிரான்ஸின் ஜியென்ஸ் ஊரில் கூடிய மருத்துவர்கள் இந்த அறுவைக்கென்று ஒரு உலகப் பொது வகைப்பாட்டை ஏற்றார்கள். முழங்கைக்குக் கீழே எத்தனை தசைகள் 4 அல்லது அதற்கு மேல் இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துக் கைக்கு ஒரு குழு எண் கொடுப்பார்கள். 3 வாங்கிய தசை அந்தக் கணக்கில் கிடையாது.

அண்ணனின் கோப்பில் முழங்கைக்குக் கீழே அசைந்த எல்லாத் தசைக்கும் 3 போட்டிருந்தது. வலக்கை, இடக்கை, மேலிருந்து கீழே 3, 3, 3. நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஆனால் சமூகவியல் படிப்பில் ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள்: எல்லா வீட்டிலும் ஒரே பதில் வந்தால் பதிலைச் சந்தேகப்படாதே, கேட்டவரைச் சந்தேகப்படு. அண்ணனிடம் எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்டோம்.

"தூக்குன்னாரு, தூக்குனேன். எழிதிக்கினாரு."

"கையைப் பிடிச்சு அழுத்திப் பாத்தாரா?"

"தொடவே இல்லியே."

அவர் மனைவி பக்கத்திலிருந்து சொன்னார். "வீட்டுக்கு வந்து எக்ஸர்சைஸ் குடுத்தாரே அவுரும் அப்டிதான் அக்கா. வாசப்படிலயே நின்னுக்கினு, நீ புடி, நீ மடக்குன்னு என்னைய செய்யச் சொல்வாரு. தண்ணி குடுத்தா இப்பதான் குடிச்சேன்னுவாரு."

இப்பதான் குடிச்சேன். காலனியில் பிறந்தவர்களுக்கு அந்த வாக்கியத்துக்கு உரை தேவையில்லை.

இதைச் சாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள், ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர் அவசரத்தில் எழுதியிருக்கலாமே என்று எங்களிடம் ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். இருக்கலாம். ஆனால் அவசரமும் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. யாருடைய கையை விரைவாகக் கடந்துபோகலாம் என்று ஒரு ஊழியரின் உடம்புக்கே தெரிந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 5ஆம் பிரிவில், தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதையும் சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் சேர்த்தார்கள், படுக்கை கொடுத்தார்கள், சீட்டு எழுதினார்கள், எண்ணும் போட்டார்கள். 3 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? இரட்டைக் குவளையையாவது படம் எடுக்கலாம். தொடாமல் எழுதிய எண், தொட்டு எழுதிய எண்ணைப் போலவேதான் இருக்கும்.

அளவீட்டுக் கருவிகளை உருவாக்குகிறவர்கள் நம்பகத்தன்மையைச் சோதிப்பார்கள். ஒரே கையை இருவர் அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. இருவரும் அந்தக் கையைத் தொடுவார்கள் என்பதே அந்த அனுமானம். கோதன்பர்க்கிலோ டொராண்டோவிலோ அதை யாரும் எழுதி வைக்கத் தேவை வரவில்லை. மோபர்க் ஒருபடி மேலே போய், வளைத்த பேப்பர் கிளிப்பின் இரு முனையால் கட்டைவிரல் தோலைத் தொட்டு, இரண்டு முனை என்று தெரிகிறதா ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தோலில் உணர்வு உள்ள கை ஒரு வகை, கண்ணால் பார்த்துக்கொண்டே இயக்க வேண்டிய கை இன்னொரு வகை. ஒரு ரூபாய் கிளிப் போதும். அண்ணனின் கட்டைவிரலுக்கு அந்தக் கிளிப்பும் வரவில்லை.

வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு இளம் பெண் தெரபிஸ்ட், கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தசையாக அழுத்தினார். முக்கால் மணி நேரம். வலக்கையில் கடன் கொடுக்க வேண்டிய தசை 4. மணிக்கட்டைத் தூக்கும் தசை 4. கட்டைவிரலில் இரண்டு முனையும் தெரிந்தது. அறுவைக்கு ஏற்ற கை. ஆனால் விபத்து நடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நரம்பு மாற்று பற்றிக் கேட்டபோது மருத்துவர், இந்தத் தாமதத்துக்குப் பிறகு நாண் மாற்றே போதும் என்றார்.

அறுவைக்கு முன் மனைவிதான் அதிகம் யோசித்தார். அதில் நியாயம் உண்டு. தைத்த நாண் பிய்ந்துவிடாமல் இருக்க ஒரு மாதத்துக்கு மேல் கையைக் கட்டி வைப்பார்கள். அதுவரை அந்தக் கையால் செய்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்சமும் நின்றுபோகும், சக்கர நாற்காலியைத் தள்ளக்கூட முடியாது. பிறகு பயிற்சிக்கு நடையாய் நடக்க வேண்டும். கை வருவதற்கு முன் கை போகும் காலம் அது. மாதச் சம்பளக் குடும்பம் அதைத் தாண்டிவிடும், தினக்கூலிக் குடும்பம் கடன் வாங்கித் தாண்டும். அமெரிக்காவிலேயே இந்த அறுவைக்குப் பொருத்தமானவர்களில் மிகச் சிறு பகுதியினருக்குத்தான் அது நடக்கிறது. இங்கே கேட்கவே வேண்டாம். மகளிர் குழுவில் முப்பதாயிரம் எடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அளந்தார்கள். நாங்களும் போயிருந்தோம்.

முதலில் பிஞ்ச் கேஜ், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தும் சின்னக் கருவி. ஒன்றரை கிலோ காட்டியது. நல்ல கையுள்ள ஆணுக்கு இது பத்து கிலோவை ஒட்டி வரும். குறைவாகத் தெரியலாம். ஆனால் முன்பு பூஜ்யம். உலகம் முழுவதும் நடந்த இந்த அறுவைகளைத் திரட்டிப் பார்த்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் சராசரியே 2 கிலோதான்.

அடுத்தது பிடித்து விடும் சோதனை. 1990களில் அமெரிக்காவின் க்ளீவ்லேண்டில், கைத்தசைகளை மின்சாரத்தால் இயக்கும் கருவி பொருத்தியவர்களுக்காக உருவானது. ஆறு பொருள்: குச்சி, மரக்கட்டை, டின், எடைக்கல், முள்கரண்டி, வீடியோ கேசட். முப்பது நொடியில் எத்தனை முறை எடுத்து வைக்கிறார் என்று எண்ண வேண்டும். வீடியோ கேசட்டைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டார். கல்யாணத்துக்கு எடுத்த கேசட் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, டெக் வாங்க முடியாததால் பார்க்கவே இல்லை என்றார். முள்கரண்டிச் சோதனையில் உணவைக் குத்துவது போல ஒரு ஸ்பிரிங்கைக் குத்தி அழுத்த வேண்டும். அவர் வாழ்நாளில் முள்கரண்டியைத் தொட்டது அன்றுதான். நன்றாகவே செய்தார்.

டொராண்டோவில் உருவான கிராஸ்ப் என்ற சோதனையும் உண்டு. கழுத்து முறிந்தவர்களுக்கென்றே செய்தது, எங்கள் பார்வையில் இருப்பதில் நுட்பமானது. வலு, உணர்வு, பிடி மூன்றையும் பார்க்கும். பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்று, டப்பாவின் மூடியைத் திற, சாவியை நுழைத்துத் திருப்பு, நாணயங்களை எடுத்துத் துளையில் போடு. சாவி வந்தது. மேசையில் தட்டையாகக் கிடந்த நாணயம் வரவில்லை. சாவிப் பிடியால் தட்டையான நாணயத்தைக் கிளப்ப முடியாது, நுனி விரல் வேண்டும். நாணயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

எல்லாம் முடிந்து தெரபிஸ்ட் மகிழ்ச்சியாக எண்களைச் சொன்னபோது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சோறு பெசஞ்சு சாப்டுவாரா?"

சாப்பிட மாட்டார். ஐந்து விரலும் விரிந்து, கூடி, கட்டைவிரல் தள்ளும் வேலை அது. உலகத்தில் கோடிக்கணக்கானோர் சாப்பிடும் முறைக்கு இந்தச் சோதனைகளில் ஒரு வரி இல்லை. 1969இல் ஜெப்சன் வகுத்த பழைய சோதனையிலும் கரண்டியால் பயறு அள்ளுவதுதான் சாப்பாடு. அண்ணன் இப்போது ஸ்பூனைச் சாவிப் பிடியில் பிடித்துச் சாப்பிடுகிறார். "ஸ்பூன்ல சாப்ட்டா ஆஸ்பத்திரில இருக்கற மாரியே இருக்கு" என்கிறார். இட்லியைக் கிள்ளி வாயில் போட வருகிறது. களி உருண்டையும் வருகிறது. அதனால் அந்த வீட்டில் இப்போது வாரத்தில் மூன்று நாள் களி.

ஆனால் அந்த வீட்டில் கை தேறியதைக் காட்டும் பெரிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு சிறுநீர் தானாகப் போகாது. நான்கு ஐந்து மணிக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்க வேண்டும். இரண்டு வருடமாக மனைவிதான் போட்டுக்கொண்டிருந்தார், அதனால் எந்த வேலைக்கும் போக முடியவில்லை. சாவிப் பிடி வந்த பிறகு அண்ணன் தானே போட்டுக்கொள்ளப் பழகினார். இருபது நிமிடம் ஆகிறது, ஆகட்டும். இஸ்ரேலில் உருவான ஸ்கிம் என்ற அளவுகோல் 100 மதிப்பெண்ணுக்கு ஒருவரின் சுயசார்பை அளக்கிறது. அதில் பிறர் டியூப் போட்டால் 3, தானே போட்டுக்கொண்டால் 6 அல்லது அதற்கு மேல். மூன்றோ ஆறோ மதிப்பெண் கூடியது. வீட்டில் கூடியது, வாரத்தில் நான்கு ஐந்து நாள் சித்தாள் கூலி. கணவனின் கட்டைவிரலில் செய்த அறுவையின் பலன் மனைவியின் சம்பளத்தில் தெரிகிறது. அதை அளக்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. பராமரிப்பவர் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெண்ணை ஒருவரும் அளப்பதில்லை.

இன்னொரு மேசையும் இருக்கிறது. ஒரு மேசையில் கை எவ்வளவு தேறியது என்று காட்ட வேண்டும், இன்னொரு மேசையில் எவ்வளவு தேறவில்லை என்று காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் 2018 ஜனவரியில் அரசிதழில் வந்த வழிகாட்டுதல் கையைப் பற்றுதல், உணர்வு, வலு என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 30 விழுக்காடு வைத்தது. பற்றுதலுக்குள் கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளைத் தொடுவதற்கு 8, உருளையைப் பிடிக்க 6, பந்தைப் பிடிக்க 6, பை தூக்க 5, சாவிப் பிடிக்கு 5. ஒரு குடும்பம் பிழைத்த பிடிக்கு அரசுக் கணக்கில் ஐந்து விழுக்காடு.

அறுவைக்கு முன் அண்ணன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது இதைத்தான். கை வந்துவிட்டால் மாதா மாதம் வரும் 2000 ரூபாய் நின்றுவிடுமா? நிற்காது. காலும் இடுப்பும் முடங்கியவருக்கு ஒரு கட்டைவிரலால் சான்றிதழ் விழுக்காடு கீழே இறங்கிவிடாது. இதை எல்லாக் காலனிகளிலும் சொல்லிவருகிறோம், இங்கேயும் சொல்கிறோம்: உதவித்தொகைக்குப் பயந்து அறுவையை மறுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பயத்தை அறியாமை என்று எழுதாதீர்கள். அரசு மேசை முன்னால் தேறியதாகக் காட்டினால் கொடுத்ததைப் பிடுங்குவார்கள் என்பது இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம்.

இந்தக் கதையைத் தமிழ்நாடு முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை இதே நாண் மாற்று முறையில் நிமிர்த்தினார். உலகக் கை அறுவை வரலாற்றில் வேலூருக்கு இடம் அப்படித்தான் வந்தது. விரல் நிமிர்ந்து வீட்டுக்குப் போன சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். நல்ல கைக்கு யாரும் பிச்சை போடவில்லை, தொழுநோய் வந்த கை என்று யாரும் வேலையும் தரவில்லை. அதன் பிறகுதான் அங்கே நவ ஜீவ நிலையம் என்று ஒரு சிறு குடியிருப்பை அமைத்து, திருத்திய கையால் தச்சும் மரப்பொம்மையும் கற்றுக்கொடுத்தார்கள். விரல் எத்தனை பாகை நிமிர்ந்தது என்று அளந்தால் அது வெற்றி. அந்தக் கை சோற்றுக்கு என்ன செய்யும் என்ற கேள்வியை, நோயாளிகள் திரும்பி வந்து கேட்ட பிறகுதான் கேட்டார்கள்.

முதலிலேயே கேட்கும் கருவி ஒன்று இருக்கிறது. கனடாவில் தொழில்முறை சிகிச்சையாளர்கள் உருவாக்கியது. சோதிப்பவர் பொருளைக் கொண்டுவர மாட்டார். உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று நோயாளியையே கேட்டு ஐந்து காரியங்களை எழுதிக்கொள்வார். இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் உனக்கு எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் போடுவார். அறுவைக்குப் பிறகு அதே ஐந்துக்கு மறுபடி போடுவார். மோபர்க்கின் கோதன்பர்க்கில் இதைப் பயன்படுத்தி அறுவையின் பலனை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது என்று குறை சொல்வார்கள். முடியாதுதான். ஆனால் முள்கரண்டியைக் கொடுத்து எல்லாரையும் ஒப்பிடுவதைவிட இது எங்களுக்கு நேர்மையாகப் படுகிறது.

அண்ணன் சொன்ன ஐந்து: தானே டியூப் போட வேண்டும். கையால் சாப்பிட வேண்டும். ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். போன் பேச வேண்டும். டீக்கடையில் தன் காசைத் தானே கொடுத்து மீதி வாங்க வேண்டும்.

நான்கில் மதிப்பெண் ஏறியது. டீக்கடையில் 2 போட்டார், அறுவைக்கு முன்னும் 2, பின்னும் 2. பணத்தை எடுத்துக் கொடுக்க வருகிறதே, ஏன் என்று கேட்டோம். கொடுக்க வருகிறது, மீதி வாங்க வரவில்லை. ஊர்த்தெருக் கடையில் காலனி ஆட்களுக்கு மீதிச் சில்லறையைக் கையில் தருவதில்லை, பலகை மேல் வைப்பார்கள். தட்டையான பலகையில் தட்டையான நாணயம். கிராஸ்ப் சோதனையில் வராமல் போன அதே நாணயம்! உள்ளங்கையில் வைத்தால் அவரால் மணிக்கட்டைத் தூக்கி விரலை மடக்கி மூடிக்கொள்ள முடியும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும் முடியும். கடைக்காரர் ஒரு அங்குலம் கையை நீட்டினால் அந்த 2 என்பது 8 ஆகும். இதைத் தசையின் குறைபாடு என்று எழுதுவதா?

இப்போது அவர் போனில் பணம் அனுப்பிவிடுகிறார். க்யூஆர் அட்டையைப் பலகையிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள், தொடும் வேலையே இல்லை. சாதியை ஒழிக்கும் தொழில்நுட்பம் என்று யாராவது கட்டுரை எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறோம்: டம்ளர் இன்னமும் தனிதான்.

இப்போது நாங்கள் தண்டுவடம் அடிபட்டவர் வீட்டுக்குப் போனால் மனு எழுதுவதற்கு முன் கோப்பைப் பார்க்கிறோம். ஒரே எண் வரிசையாக இருந்தால், யார் பார்த்தார், எத்தனை நிமிடம், எங்கே தொட்டார் என்று கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்கிறோம். அவர்கள் சொல்லும் ஐந்து காரியத்தை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். சில மருத்துவர்கள் ஆர்வமாக வாங்கிப் பார்க்கிறார்கள். சிலர் இது எதற்கு என்கிறார்கள்.

சென்ற மாதம் மேல்மலையனூர் பக்கத்தில் ஒரு அக்காவைப் பார்த்தோம். வயது முப்பத்தெட்டு, கரும்புச் சுமையோடு வரப்பில் சறுக்கி விழுந்தவர். விபத்து நடந்து ஏழு மாதம். கோப்பில் இரண்டு கைக்கும் மேலிருந்து கீழே 3. ஐந்து காரியத்தில் முதலாவதாக, தலைக்கு ஊற்றிய பிறகு தன் முடியைத் தானே முடிந்துகொள்ள வேண்டும் என்றார். ஏழு மாதம் என்றால் நரம்பு மாற்றுக்கு இன்னும் நேரமிருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை அதே தெரபிஸ்டிடம் நேரம் கேட்டிருக்கிறோம். காலை ஐந்து மணி வண்டிக்கு ஆட்டோ சொல்ல வேண்டும்.